நாய் போக எடை

எழுநூறு கிராம் பழைய செய்தித்தாளுக்கு அன்றைக்கு என்ன விலையோ, அதுதான் நான் அவனுக்குக் கொடுத்தது. அதிலும் ஈரம் என்று சொல்லிக் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

பழைய பேப்பர், அட்டை, இரும்பு இவற்றை எடைக்கு எடுத்து ஆலைக்கு ஏற்றி அனுப்புகிற கடை என்னுடையது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைநாள் காலையில், மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவர் சரக்கோடு வந்தார். கடைக்கு வழக்கமாக வருகிறவர்தான். எடை போட்டால் அரைக்கிலோ குறைகிறது என்பார், போடாவிட்டால் அரைக்கிலோ கூடுதலாக இருக்கும் என்பார். அதனால் அவருக்கு அரைக்கிலோ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் பெண்டாட்டியே ஒருமுறை கடைக்கு வந்து, "அரைக்கிலோ இங்க இருக்காரா?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று பேப்பர் நனைந்திருந்தது. ஈரக்கழிவாக மூன்று கிலோ கேட்டேன். அவர் ஒன்று என்றார். மழை விடுகிறவரை பேசி இரண்டில் முடித்தோம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அவர் வண்டியை மிதித்துப் போன பிறகு, கட்டுகளுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டி அழுதது. திறந்து பார்த்தால் கண் திறக்காத குட்டி ஒன்று. சின்னத் தராசில் வைத்தேன். எழுநூறு கிராம்.

மறுநாள் அரைக்கிலோ வந்தவுடன் ஆரம்பித்தார்.

"முதலாளி, நாய்க்குட்டிய பேப்பர் விலைக்கு எடுத்துட்டீங்களே, இது அடுக்குமா? வித்தியாசத்தப் போடுங்க."

"நான் வாங்கினது பேப்பர்யா. அதுல நாயக் கலந்து வித்தவன் நீ. நியாயமா உனக்குத்தான் அபராதம் போடணும்."

"அப்ப குட்டியக் குடுங்க. எடுத்துட்டுப் போறேன்."

"வித்த சரக்கு வாபஸ் கிடையாது. போர்டு போட்டிருக்கு பாரு."

போர்டெல்லாம் எதுவும் இல்லை. அன்று சாயங்காலமே எழுதி மாட்டினேன். அந்த வித்தியாசத்தை அவர் வாரத்துக்கு இரண்டு தடவை, பதினொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் கொடுத்தபாடில்லை.

எங்கள் பெரிய தராசு தரையோடு தரையாகப் பதித்தது. இரும்புப் பலகை ஒன்று, பக்கத்தில் ஒரு தூண், தூணின் தலையில் கடிகாரம் மாதிரி வட்டமுகம், அதில் ஒரு முள். கடை பூராவும் தகரக் கூரை. மத்தியானம் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சில்லென்று இருக்கிற இடம் அந்தப் பலகை ஒன்றுதான். நடக்கத் தெரிந்த அன்றே குட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டது. எடை போட வேண்டுமானால் அதைத் தூக்கி அந்தப் பக்கம் விடுவோம். பேப்பர் கட்டைப் பலகையில் வைப்பதற்குள் அது அங்கே படுத்திருக்கும். வளர வளரத் தூக்குவது இடுப்பொடிக்கிற வேலையாகிவிட்டது. என் மனைவியின் தம்பிதான் கடையில் எடைநோட்டு எழுதுகிறவன். ஒருநாள் அவன் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, சாக்கு எடையக் கழிக்கிறோம், ஈரத்தக் கழிக்கிறோம். இவனையும் கழிச்சிட்டுப் போவோம். என்னால தூக்க முடியாது."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. அவனைத் தனியாக எடை போட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் 'நாய் 22' என்று எழுதினோம். அவனைச் சுற்றிக் கட்டுகளை அடுக்குவோம். முள் காட்டுகிறதில் இருபத்திரண்டைக் கழிப்போம். நோட்டில் அந்த எடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவான் மாப்பிள்ளை. நாய் போக எடை என்று அர்த்தம். நாய்க்குப் படிக்கல் என்று பெயர் வந்ததும் அப்போதுதான்.

அவன் பலகையில் இருந்தால் முள் ஓரிடத்தில் நிற்காது. அவன் மூச்சு விடுகிறபோதெல்லாம் மயிரிழை நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு நடுவில் எண்ணைப் பிடிப்பது ஒரு வித்தை. அதிலும் அரைக்கிலோவுக்குத் தகராறுதான்.

"சாப்பாடு ஆயிடுச்சா இவனுக்கு? அப்ப இருபத்திரண்டு இல்ல, இருபத்திரண்டரை."

"அது உனக்கு நட்டம்யா, கணக்கு தெரியாத ஆளா இருக்க. கூடக் கழிச்சா உனக்குத்தான் போகும்."

"அட ஆமா. அப்ப இன்னும் சாப்பிடலேன்னு வெச்சுக்குங்க. இருபத்தொன்னரை."

தராசுக்கு முத்திரை போட அதிகாரி வருகிற நாள் ஒன்றுதான் படிக்கலுக்கு விடுமுறை. அன்று அவனை வீட்டில் கட்டிப்போடுவோம். மற்ற நாளெல்லாம் காலையில் எனக்கு முன்னால் நடந்து கடைக்கு வருவான், கடை அடைத்ததும் எனக்குப் பின்னால் நடந்து வீட்டுக்கு வருவான்.

பேப்பர் கிடங்கில் இருக்க இருக்கக் காயும். மாசம் ஒருமுறை லாரி ஏற்றும்போது ஆலை எடை எங்கள் நோட்டைவிட நூறு கிலோ குறைவாகத்தான் வரும். அது வழக்கமான நட்டம், அதற்கு யாரும் அழுவதில்லை. இந்த வருஷம் ஒரு மாசம், காய்ந்து குறைவதைக் கணக்கில் எடுத்தும் எழுபத்தெட்டுக் கிலோ கூடுதலாக வந்தது. அடுத்த மாசம் இருநூற்று முப்பத்து மூன்று.

மாப்பிள்ளை ஆலைச் சீட்டை ஆட்டிக்கொண்டு வந்தான். "மாமா, முந்நூத்திப் பதினோரு கிலோ சும்மா கிடைச்சிருக்கு!"

சீட்டை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தேன். வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவன் நான். நட்டத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, அது தானே வந்து வாசலில் நிற்கும். காரணம் சொல்லாமல் வருகிற லாபம் யாரோ ஒருவர் மடியிலிருந்து வருகிறது. யார் மடி, யார் கை என்பதுதான் கேள்வி.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, செய்யக்கூடாததைச் செய்தேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எடையில கை வைக்கிறியா?" என்று கேட்டேன்.

அவன் நோட்டை மூடி மேஜைமேல் வைத்தான். பேனாவை அதன்மேல் வைத்தான். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு தட்டில் விழுந்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

"இருவது வருஷமா அந்தத் தூசியில உட்கார்ந்து எழுதுறான் என் தம்பி," என்றாள். "உங்க ஓட்டைத் தராச முதல்ல பாருங்க. அப்புறம் ஆளப் பாருங்க."

மறுநாள் மாப்பிள்ளை முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லை ஒரு தெரிந்த கடையிலிருந்து இரவல் வாங்கி வந்தான். என் கண்ணெதிரில் பலகையில் வைத்தான். முள் இருபதில் போய்ச் சிலை மாதிரி நின்றது.

"பாத்துக்குங்க மாமா. தராசு சரி. இப்ப என்னத் தூக்கில போடுறதுன்னா போடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் படிக்கல் எழுந்து வந்தான். மெதுவாகத்தான் வந்தான். முன்காலைப் பலகையில் வைத்தான், நின்றான், பின்காலை வைத்தான். எடைக்கல்லை மோந்து பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் சுருண்டு படுத்தான். முள் நடுங்கிக்கொண்டே முப்பத்தைந்துவரைதான் ஏறியது.

நாற்பத்திரண்டு காட்ட வேண்டிய முள்.

நாங்கள் இரண்டு பேரும் சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தோம். முள்ளைப் பார்த்தோம். பிறகுதான் நாயைப் பார்த்தோம்.

பதினைந்து கிலோ. ஏழு கிலோ அவனிடமிருந்து போயிருந்தது. நாங்களோ இருபத்திரண்டையே கழித்துக்கொண்டிருந்தோம். சரக்கு போட வந்தவர்களுக்குக் குறைத்ததுதான் அந்த முந்நூற்றுப் பதினொன்று.

கட்டைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்கிறவன் நான். அரைக்கிலோ முன்னே பின்னே இருக்கும், அதற்குமேல் தப்பாது. தினமும் அவன் தலையில் கை வைக்கிறேன், முதுகைத் தடவுகிறேன். சுவரில் எண் எழுதியிருந்ததே, அதற்கப்புறம் யார் நாயைப் பார்க்கிறார்கள்? அடர்த்தியான ரோமம். விலக்கிப் பார்த்தால் விலா எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட்டது.

"மன்னிச்சிடு மாப்ள," என்றேன்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றான் அவன். கீழே குனிந்து நாயின் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

நாய் டாக்டர் ஒரு அம்மாள். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்த முகம். எவர்சில்வர் மேஜைமேல் படிக்கலைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். படம் எடுத்தார். ரத்தம் எடுத்தார்.

"எத்தனை நாளா சாப்பிடல?"

"நேத்துவரைக்கும் நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு மாசமா," என்றாள் கூட வந்திருந்த என் மனைவி. "பாதியிலயே எழுந்து போயிடுறான்னு சொன்னேன். கடையில எவனாவது பிஸ்கட் போட்டிருப்பான்னு சொன்னீங்க."

சொன்னேன்தான்.

ஈரலில் கட்டி என்றார் டாக்டர். அறுக்கிற இடத்திலும் இல்லை, அறுக்கிற வயசும் இல்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள மாத்திரை தருகிறேன். ஒரு மாசம் இருப்பான், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் ஒரு வாரம்.

"ரெண்டு மாசமாப் போடுங்க டாக்டர்," என்றேன். வாய் பழக்கம். பல் பிடுங்குகிறவரிடம்கூடப் பேரம் பேசியவன் நான்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "என் கையில இருந்தா ரெண்டு வருஷமே போட்டுக் குடுத்திருப்பேங்க," என்றார். அடுத்த நாயைக் கூப்பிடச் சொன்னார்.

நோயாளியை வைத்துக்கொண்டு எடை போடுவதாவது என்று, மறுநாள் என் மேஜைக்குப் பக்கத்தில் நாலு சாக்கை மெத்தையாக விரித்தேன். தராசைச் சுற்றி இரும்பு டிரம்களை வைத்து மறித்தேன். படிக்கல் சாக்கை ஒரு பார்வை பார்த்தான். போய் டிரம்முக்கு முன்னால் நின்றான். கால் நடுங்கியது, படுக்கவில்லை. மத்தியானம்வரை நெற்றியை டிரம்மில் சாய்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் மாப்பிள்ளை எழுந்துபோய் டிரம்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டான்.

"அவன் வேலைக்கு வந்திருக்கான் மாமா. விடுங்க."

அப்புறம் ஒரே வழிதான் இருந்தது. தினமும் கடை திறந்ததும் முதலில் அவனைத் தனியாக எடை போட்டு, சுவரில் பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டும். இருபத்திரண்டை நானே துடைத்தேன். பத்து வருஷச் சுண்ணம், அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. பதினைந்து என்று எழுதினேன்.

சரக்கு போடுகிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த இரண்டு மாசத்தில் நோட்டில் வட்டம் போட்டது எண்பத்தெட்டு தடவை. நாய் ஒரேயடியாக இளைக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இளைத்திருக்கும். சராசரி மூன்றரைக் கிலோ என்று வைத்தால் முந்நூற்றெட்டு. ஆலைச் சீட்டுக்கும் இதற்கும் மூன்றே கிலோதான் வித்தியாசம். அவரவருக்குச் சேர வேண்டியதை அவரவருக்குத் தந்துவிடுகிறேன் என்றேன். ஏமாற்றினாயா என்று யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எல்லாரும் சுவரைப் பார்த்துவிட்டுப் பலகைப் பக்கம் போய் அவனைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

அரைக்கிலோ மட்டும் அன்று எதுவும் கேட்காமல் கட்டுகளை இறக்கினார். படிக்கலைச் சுற்றி, அவன் மேல் படாமல் அடுக்கினார். அவ்வளவு பதவிசாக அவர் அடுக்கி நான் பார்த்ததில்லை. முள் எழுபத்தொன்பதில் நடுங்கியது.

"பதினஞ்சு போக அறுபத்தி நாலு," என்றான் மாப்பிள்ளை.

"எவன் சொன்னான் பதினஞ்சுன்னு?"

"காலையில போட்ட எடைங்கண்ணே. செவுத்துல பாருங்க."

"செவுத்த யாரு கேட்டா? எனக்குக் கண்ணு இல்லையா? இருபத்திரண்டு. இருபத்திரண்டு போக எழுது."

"யோவ்," என்றேன் நான், "ஏழு கிலோ உனக்கு நட்டம்யா."

"என் நட்டம் என்னோட. பத்து வருஷமா இருபத்திரண்டு, இருபத்திரண்டுன்னு என் வயித்துல அடிச்சீங்க. அப்பல்லாம் இல்லேன்னேன். இன்னிக்கு ஒத்துக்கிறேன். இப்ப நீங்க இல்லேங்கிறீங்களா? இது என்ன வியாபாரம் முதலாளி?"

"பதினஞ்சு. அதுக்கு மேல ஒரு கிராம் கிடையாது."

"இருபத்தொண்ணு."

"சரி, காலையில தண்ணி குடிச்சான். பதினஞ்சரை."

"இருபது. அவனுக்கு எலும்பு கனம். என் வண்டியில வந்தவன், எனக்குத் தெரியும்."

"பதினாறு. இதுவே அநியாயம்."

"பத்தொம்பதுன்னு முடிங்க. இல்லேன்னா கட்ட வண்டியில ஏத்திட்டு அடுத்த கடைக்குப் போறேன்."

மாப்பிள்ளை பேனாவைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கழிவைக் குறைக்கச் சொல்கிறேன், அவர் தன் சரக்கில் இன்னும் கழி என்கிறார். கீழே படிக்கல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். இந்தச் சத்தம் அவனுக்குத் தாலாட்டு மாதிரி. பிறந்ததிலிருந்து கேட்கிறான்.

"பதினேழு."

"பதினெட்டு. கடைசி. தலையால தண்ணி குடிச்சாலும் இதுக்குக் கீழ வரமாட்டேன்."

எனக்குச் சோர்வாக இருந்தது. "எழுது மாப்ள," என்றேன்.

அந்தப் பதினெட்டு அதற்கப்புறம் மாறவே இல்லை. சுவரில் பதினாலரை ஆயிற்று, பதினாலு, பதிமூன்று. தினமும் காலையில் சுண்ணக்கட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கடையில் வேறு ஏதாவது வேலை இருக்கிறதா என்று தேடுவேன். அரைக்கிலோ வாரம் இரண்டு தடவை வந்தார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. "பதினெட்டு போக எழுது" என்பார். ஒன்பது தடவை அப்படி எழுதினோம். ஒவ்வொரு தடவையும் நிஜ எடையை நான் ஓரத்தில் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு என்று எழுதிய அன்று மத்தியானம், பேப்பர் பொறுக்குகிற அக்கா ஒருத்தி ஒரு கட்டோடு வந்தாள். மாப்பிள்ளை கட்டை வாங்கிப் பலகைக்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

"மாமா, முள்ளப் பாருங்க."

முள் பன்னிரண்டில் நின்றது. நடுங்கவில்லை.

உயிர் போனதற்கு அந்தத் தராசு ஒரு கிராம்கூடக் கழிக்கவில்லை. அக்கா தன் கட்டைத் திரும்ப வாங்கி, சத்தம் வராமல் தரையில் வைத்தாள். மாப்பிள்ளை போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். கடைக்குப் பின்னால் மதிலோரம் நானும் அவனுமாகக் குழி தோண்டினோம். படிக்கலைத் தூக்கியபோது எங்கள் இருவரில் யாருக்கும் இடுப்பு வலிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அரைக்கிலோ வந்தார். அவருக்குச் செய்தி போயிருந்தது. கட்டுகளை இறக்கினார். பலகையில் ஒரு மூலையைக் காலியாக விட்டுவிட்டு மீதி இடத்தில் உயர உயர அடுக்கினார். முள் ஐம்பத்தேழில் போய் ஒரே நிலையில் நின்றது.

"அம்பத்தேழு," என்றான் மாப்பிள்ளை. கழிக்க ஒன்றும் இல்லை.

"சரி," என்றார் அரைக்கிலோ.

அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. "யோவ், அம்பத்தேழரை இருக்கும் போலிருக்கே, நல்லாப் பாருய்யா," என்றேன்.

"வேண்டாம் முதலாளி. அம்பத்தேழே இருக்கட்டும்."

மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்திருந்தேன். இவருக்குச் சேர வேண்டிய பணத்தைத் தனியாகக் கட்டி வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அந்த எழுநூறு கிராமுக்கு வித்தியாசம் எவ்வளவுன்னு முதல்ல சொல்லுங்க. பெரிய கணக்கு நிக்கும்போது சில்லறைய எப்படி வாங்குறது?"

"நீயே ஒரு விலை சொல்லுய்யா. பேசுவோம்."

"வாங்கினது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் வண்டியை மிதித்துத் தெருமுனை திரும்புகிறவரை எனக்கு ஒரு எண்ணும் வாயில் வரவில்லை. உள்ளே வந்து நோட்டை எடுத்து அவர் பக்கத்தைப் பிரித்து எழுதினேன்.

வட்டம் போட்ட எடை பதினைந்து தடவை, மூன்றரை வீதம்: ஐம்பத்திரண்டரைக் கிலோ.

பேரத்தில் நான் தோற்ற ஒன்பது எடை, பதினெட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ளது: நாற்பதரைக் கிலோ.

ஆக, தொண்ணூற்று மூன்று கிலோ. கொடுத்தேன், வாங்கவில்லை.

அட்டைப்பெட்டியில் வந்தது, எழுநூறு கிராம். பேப்பர் விலை கொடுத்தாயிற்று. மீதி விலை போடவில்லை.

பாக்கி.